ஆலைச் சங்கு சொல்லித் தந்த பாடம்: ஊழியர் மனசு வைத்து வேலை செய்வது எதனால்?

புதுச்சேரியில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மில் சங்கைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் கடிகாரம் கிடையாது. சங்கு ஊதினால் அடுப்பு மூட்டுவார்கள், அடுத்த சங்குக்குச் சாப்பாட்டுத் தூக்கு கிளம்பும். ஊருக்கே மணி சொன்னவை மூன்று பஞ்சாலைகள். ரோடியர் மில் பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆனது. சவானா மில் சுதேசி மில் ஆனது. கெப்ளே மில் பாரதி மில் ஆனது. பெயர் மாறியது, முதலாளி மாறினார், கொடியே மாறியது. இன்று அந்தச் சங்குகள் எதுவும் ஊதுவதில்லை.

வணிகவியல் படிக்கிற மாணவர்களுக்கு மனிதவள மேலாண்மைப் பாடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஊழியரின் பணி நிறைவையும் பணிப் பற்றையும் தீர்மானிக்கும் காரணிகளை விளக்குக." பத்து மதிப்பெண். மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், ஒரு முக்கோணப் படம், ஏழெட்டு தலைப்புகள் என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்விக்கான விடை கடலூர் சாலையில் துருப்பிடித்த கேட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைப் படிக்காமல் புத்தகத்தை மட்டும் படித்தால் மதிப்பெண் வரும், விஷயம் வராது.

முதலில் சொற்களைப் பிரித்துக் கொள்வோம்

பணி நிறைவு, பணிப் பற்று, பணி நடத்தை ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள்.

பணி நிறைவு என்பது செய்கிற வேலை பிடித்திருக்கிறதா என்பது. பணிப் பற்று என்பது இந்த நிறுவனத்தை விட்டுப் போக மனசு வருமா என்பது. பணி நடத்தை என்பது கண்ணுக்குத் தெரிவது. நேரத்துக்கு வருகிறாரா, லீவு போடுகிறாரா, பக்கத்து மேஜைக்காரருக்கு உதவுகிறாரா, யாரும் பார்க்காதபோது எப்படி வேலை செய்கிறார் என்பதெல்லாம் இதில் சேரும்.

ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. வேலை பிடித்த செவிலியர் மருத்துவமனையை வெறுக்கலாம். நிறுவனத்தை விட்டு நகராத குமாஸ்தா, வேலையில் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் இருக்கலாம்.

மேயர், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991ல் பணிப் பற்றை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் இதை வாய்க்குள் நுழையாத மொழிபெயர்ப்பில் போட்டிருப்பார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி:

1. பாசத்தால் இருப்பவர். "இது என் கம்பெனி" என்று இருப்பார்.
2. கணக்கால் இருப்பவர். "விட்டுப் போனால் நஷ்டம், வேறு வழியில்லை" என்று இருப்பார்.
3. கடமையால் இருப்பவர். "எனக்குச் சோறு போட்ட இடம், விட்டுப் போவது நியாயமில்லை" என்று இருப்பார்.

மூன்று பேரும் காலை ஒன்பது மணிக்கு ஒரே வருகைப் பதிவேட்டில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். பதிவேட்டைப் பார்க்கும் மேனேஜருக்கு மூவரும் ஒன்றுதான். நிறுவனத்துக்கு ஒரு கஷ்டம் வரும்போதுதான் யார் எந்த ரகம் என்று தெரியும். ஊழியருக்கு ஒரு கஷ்டம் வரும்போது நிறுவனம் எந்த ரகம் என்பதும் அப்படியே தெரிந்துவிடும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பாடப்புத்தகம் அதிகம் பேசுவதில்லை.

1936, ஜூலை 30

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி ஆலைகளில் வேலை நேரம் அதிகம், கூலி குறைவு. சங்கம் வைக்க உரிமை கிடையாது. எதிர்த்துக் கேட்டால் வேலை போகும். வ. சுப்பையா போன்றவர்கள் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டுப் போராட்டம் நடந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் புதுச்சேரியில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

அதே 1936ல் பிரான்ஸில் என்ன நடந்தது தெரியுமா? லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தது. ஜூன் மாதம் போடப்பட்ட மத்திஞ்ஞோன் ஒப்பந்தத்தில் பிரெஞ்சுத் தொழிலாளிக்குச் சங்க உரிமையும் கூலி உயர்வும் கிடைத்தன. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களில் வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. பாரீஸில் ஒரு நியாயம், பாண்டியில் துப்பாக்கி. ஒரே கொடி, இரண்டு சட்டம்!

அடுத்த ஆண்டு, 1937ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் சட்டமாயின. இதை ஆசியாவிலேயே முதல் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வார்கள். அது இருக்கட்டும், பக்கத்து ஊரோடு ஒப்பிட்டாலே போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அது 48 ஆகக் குறைந்தது 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

இந்த வரலாற்றுக்கும் பணிப் பற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்கள் ஆலையை மூடச் சொல்லிப் போராடவில்லை. ஆலையில் மனிதராக வேலை செய்ய வழி கேட்டார்கள். ஆலை வேண்டாம் என்று நினைத்தவர் சத்தமில்லாமல் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் எழுதிய ஒரு புத்தகம் இதைத்தான் சொல்கிறது. ஓர் அமைப்பு கெட்டுப் போகும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வெளியேறுவது, மற்றொன்று குரல் எழுப்புவது. பற்று இருப்பவர்தான் வெளியேறும் முன் குரல் எழுப்பிப் பார்ப்பார். அப்படியானால் கேள்வி கேட்கிற ஊழியரைப் பற்று இல்லாதவர் என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய தவறு!

சிகாகோவும் டெட்ராய்ட்டும் சொன்னவை

சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை சோதனைகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரடித் தொடர்பு பிடிபடவில்லை. தங்களை யாரோ கவனிக்கிறார்கள், தங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்பதே வேலையை மாற்றுகிறது என்ற விளக்கத்தை எல்டன் மேயோ போன்றவர்கள் முன்வைத்தார்கள். அந்தச் சோதனைகள் சரியாகச் செய்யப்பட்டனவா என்று பின்னால் வந்தவர்கள் நிறையக் கேள்வி எழுப்பினார்கள். ஆனாலும் தொழிலாளியையும் எந்திரத்தையும் ஒன்றாகப் பார்த்த காலத்தில் அது ஒரு திருப்பம்தான்.

ஹெர்ஸ்பெர்க் 1959ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பிரபலம். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும். ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதனை, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவைதான் ஊக்கம் தரும் என்றார். இதைப் படித்துவிட்டுச் சில நிறுவனங்கள் "சம்பளம் முக்கியமில்லை, பாராட்டுதான் முக்கியம்" என்று தங்களுக்கு வசதியாக அர்த்தம் செய்து கொள்கின்றன. ஹெர்ஸ்பெர்க் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த சுமார் 200 என்ஜினியர்களையும் கணக்காளர்களையும். தறியில் நின்றவரையோ துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரையோ அல்ல. வயிறு நிறைந்தவரிடம் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை, வயிறு நிறையாதவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

டெட்ராய்ட்டில் ஃபோர்டு கம்பெனிக்கு வந்த பிரச்சினை வேறு. 1913ல் அங்கே ஆட்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் 370 சதவீதம். அதாவது ஓர் இடத்தை நிரப்பி வைக்க ஒரு வருடத்தில் மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேர வேலை என்று ஹென்றி ஃபோர்டு அறிவித்தார். ஆட்கள் விட்டுப் போவது பெருமளவு குறைந்தது. அவர் தர்மத்துக்குச் செய்யவில்லை, லாபத்துக்குத்தான் செய்தார். ஆளை எடுத்து, பழக்கி, இழந்து, மறுபடி எடுக்கும் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர். காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த ஐந்து டாலருக்கு ஒரு வால் இருந்தது. ஊழியர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, குடிக்கிறாரா, குடும்பம் ஒழுங்காக நடத்துகிறாரா என்று விசாரித்தார்கள். அதற்கென்றே தனியாக ஒரு துறை இருந்தது. கூலி கொடுத்தவர் வீட்டுச் சமையலறை வரை வந்து நின்றார்!

எது எது முக்கியம்?

இனி காரணிகளுக்கு வரலாம். பரீட்சைக்கு எழுதும் பட்டியல் அல்ல இது. மேலே பார்த்த வரலாற்றிலிருந்து பிறக்கும் பட்டியல்.

1. நியாயமான சம்பளம்: எவ்வளவு என்பதைவிட, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால் எப்படி என்பதுதான் மனசை அறுக்கும். ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1960களில் சொன்ன சமநிலைக் கோட்பாடு இதுதான். ஒரே எந்திரத்தில் நிரந்தர ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் நிற்கிறார்கள். ஒரே வேலை, இரண்டு சம்பளம், இரண்டு நிற அடையாள அட்டை. இதை வைத்துக்கொண்டு "டீம் ஸ்பிரிட்" பற்றி வகுப்பு எடுத்தால் யார் காதில் ஏறும்?

2. நேரம்: 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. கடும் எதிர்ப்பு வந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. மே தினத்தன்று அந்த அறிவிப்பு வந்தது பொருத்தம்தான். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923ல் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறு ஆண்டு. நூறு ஆண்டு கழித்தும் பேச்சு அதே எட்டு மணி நேரத்தைப் பற்றித்தான்!

3. மரியாதை: இதற்கு உதாரணம் ஒரு நாற்காலி. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் சட்டம் கொண்டு வந்தன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு பெண் ஐந்து நிமிடம் உட்காரச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாற்காலியின் விலை என்ன? அதைத் தராததால் இழந்த விசுவாசத்தின் விலை என்ன?

4. மேலதிகாரி: பலர் வேலையை விடுவதில்லை, மேனேஜரை விடுகிறார்கள். திருக்குறளில் "தெரிந்து வினையாடல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இந்த வேலையை இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து தெளிந்தபின் அதை அவர் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். இன்றைய மேனேஜர்கள் பலர் முதல் பாதியையும் செய்வதில்லை, இரண்டாம் பாதியையும் செய்வதில்லை. ஆராயாமல் எடுப்பார்கள், எடுத்தபின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

5. குரல்: 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் பி. அண்ட் சி. ஆலைத் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அப்போதைய குறைகளில் ஒன்று. 2024க்கு வாருங்கள். செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் விவகாரத்தின் மையத்தில் இருந்தது சங்கத்துக்கான அங்கீகாரம். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு பெற்றது. 106 ஆண்டு இடைவெளியிலும் கோரிக்கை மாறவில்லை. எங்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்பதுதான் அது.

6. சொன்ன சொல்: இது கடைசியில் வந்தாலும் முதலில் இருக்க வேண்டியது. பாக்கி ஐந்தும் இருந்து இது ஒன்று இல்லையென்றால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

ஏ.எஃப்.டி. கதை

ஒரு காலத்தில் ஏ.எஃப்.டி. ஆலையில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஒரு கேட்டை நம்பி வாழ்ந்தன. 1980களில் தனியாரிடமிருந்து அது அரசு வசம் வந்தது. அரசு ஆலை, இனி கவலையில்லை என்று நம்பினார்கள். நவீன விசைத்தறிகளோடு பழைய எந்திரங்கள் போட்டி போட முடியவில்லை. நஷ்டம் ஏறியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் ஆலையும் சேதமடைந்தது. பிறகு ஊழியர்கள் பல ஆண்டுகள் லே-ஆஃப் நிலையில் காத்திருந்தார்கள். 2020 ஏப்ரல் 30ல் ஆலை முறைப்படி மூடப்பட்டது. கொரோனா ஊரடங்கு நேரம். கேட்டுக்கு முன்னால் கூடி நின்று அழக்கூட முடியாத நேரம்.

இங்கே ஒரு வாதம் வரும். "சங்கம் வைத்து, கொடி பிடித்து, ஆலையைக் கெடுத்ததே தொழிலாளிகள்தான்" என்பார்கள். டீக்கடையிலும் கேட்கலாம், வகுப்பறையிலும் கேட்கலாம். இதில் கொஞ்சம்கூட உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்சிக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து, வேலையைவிட அரசியல் பெரிதான நாட்களும் உண்டு. ஆனால் எந்திரத்தைப் புதுப்பிக்கும் முடிவு தொழிலாளி கையில் இல்லை. சந்தை மாறுவதைக் கணித்து எந்தத் துணி நெய்வது என்று தீர்மானிப்பதும் அவர் கையில் இல்லை. முடிவு எடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில், முடிவின் பலன் வேறோரிடத்தில் என்றால் அதை ஒழுங்கீனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லே-ஆஃப் காலத்தில் பலர் விட்டுப் போகாமல் இருந்தார்களே, அது பாசமா, கணக்கா, கடமையா? மூன்றும் இருந்திருக்கும். ஐம்பது வயதில் தறி மட்டுமே தெரிந்தவர் எங்கே போவார்? போனால் சேர வேண்டிய பணம் என்னாகும்? அதே சமயம் அப்பாவும் வேலை பார்த்த ஆலை என்ற பிடிப்பும் இருக்கும். கேள்வித்தாளில் ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடித்து அளக்கிற விஷயமா இது?

"இது ஒரு குடும்பம்" என்பவர்களுக்கு

இன்றைய அலுவலகங்களில் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறார்கள், வெள்ளிக்கிழமை கலர் சட்டை போட்டு வரச் சொல்கிறார்கள், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சுவரில் எழுதி வைக்கிறார்கள். தப்பில்லை, கேக் இனிப்பானதுதான். ஆனால் குடும்பத்தில் வருமானம் குறைந்தால் பிள்ளையை வெளியே அனுப்புவதில்லை. நிறுவனம் அனுப்பும். அனுப்ப வேண்டிய நிலைமையும் அதற்கு வரலாம். ஆகவே குடும்பம் என்று சொல்ல வேண்டாம், ஒப்பந்தம் என்று சொல்லட்டும். சொன்ன தேதியில் சம்பளம், சொன்ன நேரத்தில் விடுதலை, பிடித்த பி.எஃப். பணத்தை ஒழுங்காகக் கட்டுவது, போகும்போது சேர வேண்டியதைக் கையில் கொடுப்பது. இந்த நாலும் நடந்தால் கேக் இல்லாமலேயே பற்று வரும். இந்த நாலும் இல்லாமல் கேக் மட்டும் வந்தால் அதை ஊழியர் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுவார்.

ஊழியருக்கும் கடமை உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையைத் தட்டிக் கழிப்பவரை நிறுவனத்தைவிட அவர் பக்கத்து இருக்கைக்காரர்தான் அதிகம் வெறுப்பார். ஏனென்றால் அந்தச் சுமை அவர் தலையில்தான் விழுகிறது. பற்று என்பது இருவழிச் சாலை. ஆனால் அந்தச் சாலையைப் போடும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் போட வேண்டும்.

கடைசி ஆண்டு நண்பர்களுக்கு

சில மாதங்களில் பலர் கையில் முதல் வேலை உத்தரவு வரும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளாக இருக்கலாம், சென்னையாக இருக்கலாம். "ஐந்து ஆண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று நேர்முகத்தேர்வில் கேட்பார்கள். அதற்கு மனப்பாடம் செய்த பதில் தயாராக இருக்கும். பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு.

* இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்?
* வேலை நேரம் முடிந்தபின் எத்தனை மணிக்கு உண்மையில் வீட்டுக்குப் போகலாம்?
* நிரந்தரமா, ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் யாரோடு?
* ஒரு குறை இருந்தால் யாரிடம் சொல்வது? சொன்னவருக்கு இதுவரை என்ன நடந்தது?

பணிக்கொடை பற்றியும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைத்து வந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இப்போது ஓர் ஆண்டு போதும். இதைக் கேட்டுத் தெரிந்து கொள்வது பேராசை அல்ல. கணக்குப் படித்தவர் தன் கணக்கையாவது சரியாகப் பார்க்க வேண்டாமா?

நாளைக்கு நீங்களே பத்துப் பேருக்கு மேலதிகாரியாக உட்காரும் நாளும் வரும். அப்போது ஒருவர் வந்து குறை சொன்னால் "பிரச்சினை பண்ணுகிறவர்" என்று குறித்து வைக்காதீர்கள். இன்னும் இந்த இடத்தின் மேல் நம்பிக்கை வைத்திருப்பதால்தான் அவர் வந்து சொல்கிறார். நம்பிக்கை போனவர் சொல்ல மாட்டார், சத்தமில்லாமல் போய்விடுவார்.

சுதேசி மில் பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே வேலை செய்த 12 பேர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு எட்டு மணி நேரம் கிடைத்தது. மாலை ஐந்தரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பீச்சுக்குக் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அந்த நேரம் சும்மா வந்ததல்ல.